சிவப்பு ஊர், பச்சை ஊர்

அண்ணன் காலையிலேயே போன் செய்தால் ஏதோ வில்லங்கம் என்று அர்த்தம். நல்ல சேதியாக இருந்தால் சாயங்காலம் சாவகாசமாகச் சொல்வான். சண்டைக்கு வருவதானால் தங்கை பல் தேய்த்து முடிக்கும்வரைகூடப் பொறுக்க மாட்டான். சின்னவளுக்கு இதில் நாற்பது வருஷ அனுபவம். நாற்பது வயதிலும் அந்தக் குடும்பத்தில் அவளுக்குப் பெயர் சின்னவள்தான். அன்றைக்கும் வாயில் பிரஷ்ஷோடுதான் போனை எடுத்தாள்.

"பேப்பர் பாத்தியா?"

"ம்ம்."

"பாத்துட்டும் சும்மா இருக்கியா? அப்பா இருக்கிற ஊரு செக்கச்செவேல்னு இருக்கு. அதுக்கு மேல சிவப்பா ஒரு ஊரு படத்துலயே இல்ல. என் ஊரு நல்ல பச்சை. இது உங்க ஆபீஸ் போட்ட படம்தானே?"

இதற்கு வாய் கொப்பளிக்காமல் பதில் சொல்ல முடியாது. கொப்பளித்துவிட்டு வந்தாள். ஆபீஸ் போட்ட படம் என்ன, அவளே தன் கையால் போட்ட படம். சுகாதாரத் துறையின் புள்ளிவிவரப் பிரிவில் அவளுக்கு வேலை. எந்த ஊரில் வருஷத்துக்கு ஆயிரம் பேரில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று கணக்கெடுத்து, அதிகமென்றால் சிவப்பு, குறைவென்றால் பச்சை என்று ஊர் ஊராக வண்ணம் தீட்டியவள் அவள்தான்.

உண்மையில் அவள் இரண்டு படம் போட்டிருந்தாள். முதல் படம் வெறும் சாவுக் கணக்கு. இரண்டாவது, எந்த ஊரில் கிழவர்கள் அதிகம், எந்த ஊரில் இளவட்டம் அதிகம் என்பதையும் பார்த்துச் சரிக்கட்டிய கணக்கு. ஆனால் அவளுடைய இயக்குநருக்கு எண்களைக் கண்டால் கொட்டாவி வரும், வண்ணத்தைக் கண்டால் உயிர் வரும். இரண்டாவது படத்தில் எல்லா ஊரும் ஒரே மாதிரி மஞ்சளாக இருக்கிறது, பார்க்கக் களையாக இல்லை என்று சொல்லி முதல் படத்தைப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டார். சின்னவள் விடாப்பிடியாக நின்று, 'இதில் வயது வேறுபாடு கணக்கில் கொள்ளப்படவில்லை' என்று அடியில் ஒரு வரி சேர்க்க வைத்தாள். பத்திரிகைக்காரர்கள் அந்த ஒரு வரியை வெட்டிவிட்டு அந்த இடத்தில் மெத்தை விளம்பரத்தைப் போட்டுவிட்டார்கள்.

"அண்ணா, அந்தப் படத்த அப்படியே நம்பாத. அது..."

"நீ போட்ட படத்த நீயே நம்ப வேண்டாம்ங்கற. நல்லா இருக்கு உங்க ஆபீஸ். நான் முடிவு பண்ணிட்டேன். அப்பா வீட்ட வாங்க ஒரு ஆள் பாத்துட்டேன். திங்கட்கிழமை கையெழுத்து. சனிக்கிழமை அட்டைப்பெட்டியோட போறேன், நீயும் வந்துரு. நம்ம ரெண்டு பேரும் சேந்து சொன்னாத்தான் அவரு கேப்பாரு."

"அப்பாகிட்ட கேட்டியா?"

"கேட்டா வேண்டாம்பாரு. அதனாலதான் கேக்கல."

அண்ணன் கெட்டவன் இல்லை. ஊர்க் கவலையையெல்லாம் தலைமேல் தூக்கிச் சுமக்கிற பிறவி. அம்மா போனதிலிருந்து அப்பாவுக்கு ஒரு நாள் தவறாமல் போன் பண்ணுகிறான். குளியலறையில் வழுக்காத செருப்பு, படியில் பிடித்துக்கொள்ளக் கம்பி, படுக்கைக்குப் பக்கத்தில் மணி என்று வாங்கி வாங்கி அனுப்புவான். அவற்றை அப்பா பெட்டி பிரிக்காமல் பரண்மேல் அடுக்கிவைத்திருந்தார். அடுக்குவதற்கு ஸ்டூலில் ஏறியது அவரே. அவருக்கு எழுபத்தெட்டு வயது.

அப்பா இருந்தது கடலோரத்து ஊர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் நல்ல காற்றுக்காக வந்து வந்து, ஒரு கட்டத்தில் ஊரே ஓய்வு பெற்றுவிட்டது. கடற்கரைச் சாலையில் பத்தடிக்கு ஒரு பெஞ்சு. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை, காது கேட்கும் கருவி விற்கிற கடை, பல்செட்டு கட்டுகிற கடை என்று வரிசையாக இருக்கும், பொம்மைக் கடை மட்டும் கிடையாது. சிக்னலில் பச்சை விளக்கு எரிந்தால் ஆற அமரக் கடந்து போகலாம். வாரத்துக்கு ஒரு சாவாவது இருக்கும். அப்பா குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு போய் நின்றுவிட்டு, திரும்பி வந்து சீட்டாட உட்கார்ந்துவிடுவார். அண்ணன் போன் பண்ணும்போதெல்லாம் அவர் ஒன்று சாவுக்குப் போயிருப்பார், இல்லை போய்விட்டு வந்திருப்பார். அண்ணனுக்குப் பயம் பிடித்ததில் ஆச்சரியமில்லை.

அண்ணன் இருந்தது டைல்ஸ் ஊர். முப்பது வருஷத்துக்கு முன்னால் அங்கே வெறும் முள்காடு. பிறகு ஒரு டைல்ஸ் தொழிற்சாலை வந்தது, அதன் பின்னால் பத்து வந்தது, வேலைக்குப் பையன்களும் பெண்களும் வந்து குவிந்தார்கள், கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள். தெருவெல்லாம் குழந்தை வண்டி. பள்ளிக்கூடம் விட்டால் சாலையில் கால் வைக்க இடமிருக்காது. அந்த ஊரில் அமரர் ஊர்தி ஒன்றே ஒன்றுதான். அதுவும் சாவு கிடைக்காத நாட்களில் கல்யாணத்துக்கு நாற்காலி ஏற்றிப் போகிறது என்று பேச்சு.

சனிக்கிழமை சின்னவள் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் ஏற்கெனவே வந்திருந்தான். கூடத்தில் காலி அட்டைப்பெட்டிகள் மலைபோல் குவிந்து கிடந்தன. அப்பா அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஜன்னலோரத்து மேசையில் பல் டாக்டரோடும் பேக்கரிக்காரம்மாவோடும் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார். பல் டாக்டர் மேல்வீடு, எண்பதைத் தாண்டியவர். கடைத்தெருவில் ரொட்டிக் கடை வைத்திருந்த பேக்கரிக்காரம்மா எதிர்வீடு. நாலாவது நாற்காலியில் போன வாரம்வரை இருந்தவர் காலமாகிவிட்டதால் அந்த வாரம் மூன்று கை ஆட்டம். காத்திருக்கும் வரிசையில் இருவர் உண்டு, ஆனால் ஒரு வாரம் நாற்காலியைக் காலியாக விடுவதுதான் அந்த மேசையின் மரியாதை.

"வா சின்னவளே" என்றார் அப்பா, சீட்டிலிருந்து கண்ணெடுக்காமல். "உன் அண்ணன் என்னைப் பெட்டியில போட்டுத் தூக்கிட்டுப் போக வந்திருக்கான். உயிரோட இருக்கும்போதே பெட்டி கொண்டுவந்த முதல் பிள்ளை இவன்தான்."

"பாத்தியா, பேசற பேச்ச" என்று அண்ணன் அவளைப் பார்த்தான். மடித்து வைத்திருந்த பத்திரிகையை எடுத்துச் சீட்டின்மேலேயே விரித்தான். "அப்பா, இதப் பாருங்க. உங்க ஊர்ல ஆயிரத்துக்குப் பத்தொன்பது பேர் போறாங்க. எங்க ஊர்ல அஞ்சரை. இது நான் சொல்லல, உங்க பொண்ணு போட்டது. மூணு மடங்குக்கு மேல. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா நான் எந்த மூஞ்சிய வச்சிட்டுத் திரிவேன்?"

கடைசி வாக்கியத்தில் அவன் குரல் லேசாக உடைந்தது. அப்பா அதைக் கேட்டார். சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு மகளைப் பார்த்தார்.

"நீ போட்டதா இது?"

"நான்தான்பா."

"அப்ப நான் கிளம்பணுமா?"

அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். மெஷின் ஒன்று சொன்னால் கேட்டுக்கொள்ளும் வழக்கம் அவருக்கு உண்டு. பல்சக்கரம் தேய்ந்துவிட்டது, கம்பி நைந்துவிட்டது என்றால் மாற்றத்தான் வேண்டும், அதில் அடம் பிடிக்க ஒன்றுமில்லை. மகள் ஒரு வார்த்தை ஆமாம் என்றால் அவர் உண்மையாகவே கிளம்பிவிடுவார் என்பது சின்னவளுக்குத் தெரிந்தது. அம்மாவோடு பார்த்துப் பார்த்து வாங்கிய வீடு, இந்த மேசை, இந்த ஜன்னல், இந்த இரண்டு பேர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பகலெல்லாம் எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடுகிற ஒரு வீட்டில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்வார். அதற்குக் காரணம் அவள் தீட்டிய சிவப்பு.

"இருங்கப்பா. முழுசாச் சொல்றேன்" என்று பையைத் திறந்து ஒரு தாளை எடுத்தாள். அன்றைக்கு என்றே ஆபீசில் அச்சிட்டுக் கொண்டுவந்தது.

"டாக்டர், நீங்க இந்த ஊர்ல எத்தனை பல்லு புடுங்கியிருப்பீங்க?"

"இந்த ஊர்ல மிச்சமிருக்கிற பல்லைவிட அதிகம்" என்றார் பல் டாக்டர்.

"டைல்ஸ் ஊர்ல இருக்கிற பல் டாக்டர் உங்கள மாதிரி புடுங்கியிருப்பாரா?"

"அவனுக்கு ஏது பல்லு? எல்லாம் பால்பல்லு."

"அப்ப இந்த ஊர்த் தண்ணி பல்லக் கெடுக்குதுன்னு சொல்லலாமா?"

"அதெப்படிச் சொல்ல முடியும்? இங்க எல்லாரும் கிழடு, விழத்தானே செய்யும்" என்று சொன்ன பல் டாக்டர், பாதியிலேயே புரிந்துகொண்டு தலையை ஆட்டினார். "ஓஹோ. அங்க வர்றியா."

"அவ்வளவுதான் விஷயம். இந்த ஊர்ல நூறு பேர எடுத்தா நாப்பது பேருக்கு அறுபத்தஞ்சு தாண்டிருச்சு. அண்ணன் ஊர்ல நாலே நாலு பேருக்கு. ரெண்டையும் அப்படியே பக்கத்துல நிறுத்தினா இது மோசமாத்தான் தெரியும்."

அப்பா உற்சாகமாகிவிட்டார். "அப்படிப் பாத்தா உலகத்துலயே பாதுகாப்பான இடம் எல்.கே.ஜி. வகுப்புதான். என்னை அங்க கொண்டுபோய்ச் சேத்துடு" என்றார் மகனிடம்.

"என் ரொட்டியத் தின்னுதான் செத்தாங்கன்னு எழுதாம விட்டாங்களே, அதுவரைக்கும் சந்தோஷம்" என்றார் பேக்கரிக்காரம்மா.

அண்ணன் விடவில்லை. "சரி, வயசானவங்க அதிகம். ஒத்துக்கறேன். அதுக்காக இந்த ஊரு நல்ல ஊருன்னு ஆயிடுமா? கிழவங்க அதிகமாவும் இருக்கலாம், ஊரும் மோசமா இருக்கலாம் இல்ல?"

கேள்வி சரியான கேள்வி. சின்னவளுக்கு அண்ணன்மேல் சட்டென்று மதிப்பு வந்தது. இயக்குநருக்கு இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வி தோன்றியதில்லை.

"அதுக்குத்தான் எங்க ஆபீஸ்ல பொதுவூர்னு ஒரு ஊர் வச்சிருக்கோம்" என்றாள்.

பொதுவூர் எந்த வரைபடத்திலும் கிடையாது. அது ஒரு கற்பனை ஊர். அதில் இவ்வளவு குழந்தை, இவ்வளவு நடுவயது, இவ்வளவு கிழவர் என்று நிரந்தரமாக எழுதிவைத்திருக்கும், மாறவே மாறாது. எந்த ஊரை எடைபோட வேண்டுமானாலும் அந்த ஊரில் ஒவ்வொரு வயதிலும் சாகிற வழக்கப்படி பொதுவூர்க்காரர்கள் ஒரு வருஷம் செத்தால் மொத்தம் எத்தனை சாவு விழும் என்று பார்ப்பார்கள். எல்லா ஊருக்கும் ஒரே தராசு. வருஷக்கணக்காக அந்த ஊரோடு பழகியதில் ஆபீசில் அதற்கு ஒரு குடித்தனமே வந்துவிட்டது. டீ வேளையில் பொதுவூருக்கு ஒரு பஸ் நிலையம் கட்டினார்கள், ஒரு முடிதிருத்தும் கடை திறந்தார்கள். நாலாவது மாடிக்காரர் ஒருவர் அந்த ஊருக்குத் தன்னை மேயராக அறிவித்துக்கொண்டார். பாவம், எந்த ஊரின் சாவையும் முதலில் செத்துப் பார்க்க வேண்டியது அந்த ஊர்க்காரர்கள்தான்.

"இந்த ஊர் வழக்கப்படி செத்தா, பொதுவூர்ல ஆயிரத்துக்கு எட்டேகாலுக்குக் கொஞ்சம் மேல" என்று தாளைக் காட்டினாள். "அண்ணன் ஊர் வழக்கப்படி செத்தா, பதினொண்ணுக்குக் கொஞ்சம் கீழ."

அண்ணன் தாளைப் பிடுங்கி அவனே பார்த்தான்.

"அப்ப எங்க ஊர்தான் மோசமா?"

"வயசச் சரிக்கட்டினா, ஆமாம்."

அப்பா எழுந்து நின்று கையைத் தட்டிக்கொண்டார். "போனைப் போடுடா. அந்த வாங்கற மனுஷன்கிட்ட வீடு விக்கறதுக்கு இல்லன்னு சொல்லு. வேணும்னா டைல்ஸ் ஊர்ல ஒரு வீடு காலியாகப் போகுது, அத வாங்கிக்கச் சொல்லு."

அண்ணனுக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் கணக்கை மறுக்கத் தெரியாமல் பால்கனிக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தான். வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது என்றான். பேக்கரிக்காரம்மா எழுந்து போய்த் தன் வீட்டிலிருந்து கேக் கொண்டுவந்தார். டீ வந்தது. அப்பா அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் காலை நீட்டிக்கொண்டார். சின்னவள் அவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்து வெகுநாளாகியிருந்தது. வேலை விஷயமாக அவள் வீட்டில் யாருக்கும் பயன்பட்டது அதுவே முதல் தடவை.

அப்பாவுக்கு ஜெயித்த சந்தோஷம் அடங்கவில்லை. மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு தாளைக் கையில் எடுத்தார். ஜெயித்த சீட்டை மறுபடி மறுபடி பார்க்கிற ஆள் அவர்.

"இதுல நான் எங்க இருக்கேன்?"

"கடைசி வரிசைப்பா. அறுபத்தஞ்சுக்கு மேல. இங்க ஆயிரத்துக்கு நாப்பத்துநாலு, அங்க அம்பது."

"ப்பூ. இவ்வளவுதானா வித்தியாசம்? என்னைப் பொறுத்தவரைக்கும் ரெண்டு ஊரும் ஒண்ணுதான். போற காலத்துக்கு ஆறு கூடினா என்ன, குறைஞ்சா என்ன. சரி, பசங்க?"

"முதல் வரிசை. நாப்பதுக்குக் கீழ. ரெண்டு ஊர்லயும் ஒண்ணு, ஒண்ணே கால், அவ்வளவுதான்."

"அப்ப எட்டுக்கும் பதினொண்ணுக்கும் வித்தியாசம் எங்கேந்து வருது?" என்றபடி அப்பாவின் விரல் நடு வரிசைக்கு வந்தது. மெஷின் எங்கே சத்தம் போடுகிறது என்று தேடுகிற விரல் அது. "நாப்பதுலேந்து அறுபத்துநாலு. இங்க நாலு. அங்க ஒன்பதா?"

"ஒன்பது" என்றாள் சின்னவள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அந்த ஒன்பதைத் தட்டச்சு செய்தது அவள். சந்தேகம் வந்து ஒருமுறைக்கு இருமுறை மூலக் கணக்கைச் சரிபார்த்ததும் அவள். பக்கத்து மேசைக்காரரிடம் டைல்ஸ் ஊர்க்காரர்களுக்கு நடுவயதில் என்னவோ ஆகிறது என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனாள். அண்ணனுக்கு நாற்பத்தேழு. அவன் அந்த வரிசையில் நின்றுகொண்டிருக்கிறான் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை.

அப்பா கண்ணாடிக்கு மேலாக மகனைப் பார்த்தார். "உனக்கு இப்ப என்ன வேலை அங்க?"

"அதே வேலைதான். அரவைப் பிரிவு சூப்பர்வைசர்."

"என்ன அரைக்கறீங்க?"

"கல்லு, மண்ணு, வெள்ளைக் களிமண்ணு. மாவா அரைச்சாத்தானே டைல்ஸ் அடிக்க முடியும்."

"மூக்குக்கு ஏதாவது கட்டிக்கறியா?"

"மாஸ்க் குடுக்கறாங்கப்பா. போட்டா கண்ணாடி பனிச்சுப்போகுது. மீட்டர் பாக்க முடியல." அண்ணன் கேக்கை மறுபடி கடித்தான். "ஏன் எல்லாரும் இப்படிப் பாக்கறீங்க? அது ஊரு முழுக்க உள்ள கணக்கு. குடிச்சிட்டு வண்டி ஓட்டறவன், சண்டைக்குப் போறவன் எல்லாம் அதுல இருப்பான்."

"இருப்பாங்க" என்றாள் சின்னவள். அவளால் கூட்டியோ குறைத்தோ சொல்ல முடியாது. "எதனால போறாங்கன்னு இந்தத் தாள் சொல்லாது அண்ணா. உன் வயசுக்காரங்க அங்க இங்கத்தவிட ரெண்டு மடங்குக்கு மேல போறாங்க. அவ்வளவுதான் தெரியும்."

"உன் பிரிவுல?" என்றார் அப்பா.

"என் பிரிவுல என்ன?"

"யாராவது போனாங்களா?"

அண்ணன் கேக் தட்டைக் கீழே வைத்தான். "போன வருஷம் எங்க ஃபோர்மேன். அதுக்கு முந்தி தராசுல நிப்பாரே, அவரு. நெஞ்சுச் சளின்னாங்க."

"வயசு?"

"அம்பதுக்கு முன்ன பின்ன."

"சாவுக்குப் போனியா?"

"போனேன்."

"தினமும் எனக்கு போன் பண்ற. ஒரு வார்த்தை சொல்லலியே."

"சொன்னா நீங்க கவலைப்படுவீங்கன்னுதான்."

பல் டாக்டர் சீட்டுக்கட்டைச் சேர்த்து அடுக்கி வைத்தார். பேக்கரிக்காரம்மா டீக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். அந்த வீட்டில் சாவைப் பற்றிப் பேசினால் யாரும் எழுந்து போவதில்லை. வாரா வாரம் பேசுகிற விஷயம்தான் அது. ஆனால் இது அந்தப் பேச்சு இல்லை என்று அவர்களுக்கே தெரிந்துவிட்டது.

அப்பா காலைக் கீழே இறக்கினார். காலுக்கு முட்டுக்கொடுத்திருந்த அட்டைப்பெட்டியை நிமிர்த்தி, உள்ளறைக்குத் தூக்கிக்கொண்டு போனார். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. அண்ணனும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டுப் பின்னாலேயே போனார்கள். அவர் இஸ்திரி போட்ட சட்டைகளைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அப்பா, என்ன பண்றீங்க?"

"உன்கூட வரேன்."

"நீங்கதானே இப்ப வரமாட்டேன்னு ஜெயிச்சீங்க?"

"வீட்ட விக்க மாட்டேன்னு ஜெயிச்சேன். இது இருக்கணும். நீங்க எல்லாம் ஒருநாள் வந்து சேர்றதுக்கு ஒரு இடம் வேணும் இல்ல." ஒரு சட்டையை உதறி மடித்தார். "திங்கட்கிழமை எனக்காகத்தானே லீவு போட்டிருக்க? அன்னிக்கு நெஞ்சு டாக்டரப் பாக்கறோம். அப்புறம் உங்க முதலாளியப் பாக்கறோம், வேற பிரிவுக்கு மாத்துவாரா இல்லையான்னு கேக்கறோம். அதுவரைக்கும் தினமும் நீ வேலைக்குக் கிளம்பும்போது நான் வாசல்ல நிப்பேன். மாஸ்க் இல்லாம நீ எப்படிப் போறன்னு பாக்கறேன்."

"அப்பா, நான் ஒண்ணும் சின்னப் பையன் இல்ல."

"அதுதான்டா பிரச்சினை. நீ முதல் வரிசையில இருந்தா நான் இங்க உக்காந்து சீட்டு ஆடிட்டு இருப்பேன்."

அண்ணனே பரணிலிருந்து ஒரு சூட்கேசை இறக்கிக் கொடுத்தான். கூடத்தில் அப்பா தன் கூட்டாளிகளிடம் விடைபெற்றது ஒரே வாக்கியத்தில் முடிந்தது. காத்திருப்பவர்கள் இருவரும் வந்து ஆடட்டும், ஆனால் ஜன்னலோரத்து நாற்காலி தன்னுடையது, தான் இன்னும் சாகவில்லை என்றார். பல் டாக்டர் அதற்கு உத்தரவாதம் கொடுத்தார்.

திங்கட்கிழமை சின்னவளும் லீவு போட்டுவிட்டு டைல்ஸ் ஊருக்குப் போனாள். கிளினிக்கில் கூட்டம் நெரிந்தது. வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கிற பெண்கள், தடுப்பூசிக்கு வந்து அலறுகிற பிள்ளைகள், கட்டு போட்ட காலோடு ஒரு பந்தாட்டக்காரப் பையன். அவ்வளவு பேரில் நரைத்த தலை ஒன்றே ஒன்றுதான். அப்பா உள்ளே நுழைந்ததும் நாலு பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். அப்படியொரு மரியாதை கடலோரத்து ஊரில் யாருக்கும் கிடைக்காது, அங்கே எழுந்திருக்க ஆள் கிடையாது.

எக்ஸ்ரே அறையிலிருந்து நர்ஸ் வந்தாள். மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். யோசிக்கவே இல்லை, சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நேரே அப்பாவிடம் வந்து, அவர் முழங்கையைப் பிடித்தாள்.

"மெதுவா எழுந்திரிங்க ஐயா. ஒண்ணும் பயமில்ல, ஒரே நிமிஷம்தான். நெஞ்சுல படம் எடுக்கறது வலிக்கவே வலிக்காது."

"நான் இல்லம்மா" என்றார் அப்பா. "என் பிள்ளைக்கு."

நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டதுபோல் எழுந்து நின்றான். அவன் நன்றாகத்தான் இருந்தான். தோள் அகலமாக, முகம் நிறைவாக, பார்ப்பவர்கள் கண் வைக்கிற மாதிரி இருந்தான். நர்ஸ் சங்கடப்பட்டுக்கொண்டு சக்கர நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டாள். கழுத்தில் கையில் இருப்பதையெல்லாம் கழற்றச் சொன்னாள். அண்ணன் கடிகாரத்தைக் கழற்றித் தங்கையிடம் கொடுத்தான். சட்டையைக் கழற்றினான், யாரிடம் கொடுப்பது என்று தடுமாறிவிட்டு அப்பாவிடம் கொடுத்தான். கதவு மூடிக்கொண்டது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

அப்பா சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அதன் காலரைத் தடவினார். விரலில் வெள்ளையாக ஏதோ ஒட்டியது. துவைத்த சட்டைதான். அவர் விரலைப் பார்த்தார், வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு ஒன்பதுன்னு சொன்னியே, அது நூத்துக்கா ஆயிரத்துக்கா?"

"ஆயிரத்துக்குப்பா. ஒரு வருஷத்துக்கு."

"அப்ப மிச்சம் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொண்ணு பேர் இருக்காங்க."

"இருக்காங்கப்பா."

"அதுல இவன் இருப்பான் இல்ல?"

"இருப்பான்பா" என்றாள் சின்னவள். ஆபீசில் வேறு யாராவது ஒரு தனி ஆளைப் பற்றி இப்படி வாக்குக் கொடுத்திருந்தால் அவளே சிவப்புப் பேனாவால் அடித்திருப்பாள். அப்பா சரி என்று தலையாட்டிவிட்டு, மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடிக்கத் தொடங்கினார்.